கல்யாண டிவிடியும் 55 இஞ்ச் டிவியும்

பழைய டிவிடி, புளூரே (டிவிடிக்குப் பின் வந்த, கூடுதல் தெளிவுள்ள டிஸ்க்), புதிய டிவி என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம்ம குமரி மாவட்டத்திலிருந்துதான். இந்த இதழில் ஏழு கேள்விகள். முதல் கேள்விக்கான பதில் நீளம், ஏனென்றால் அதே கேள்வியை வெவ்வேறு வார்த்தையில் பலரும் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: சார், நாங்கள் கருங்கல் பக்கம். போன கிறிஸ்துமஸுக்கு 55 இஞ்ச் 4கே டிவி வாங்கினோம். எங்கள் கல்யாணம் 2006-ல் நடந்தது. அந்த டிவிடி மூன்று, மாமனார் உயிரோடு இருந்தபோது எடுத்த ஊர்த் திருவிழா டிவிடி இரண்டு, அப்புறம் படங்கள் ஒரு நூற்றைம்பது இருக்கும். பழைய பெட்டி டிவியில் பளிச்சென்று இருந்த கல்யாண வீடியோ இதில் ஒரே கலங்கலாகத் தெரிகிறது. ஆள் நடந்தால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வருகிறது. பழைய பிளேயரை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில்தான் மாட்டியிருக்கிறோம். நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்டதற்கு, "4கே அப்ஸ்கேலிங் பிளேயர் வாங்குங்க, டிவிடி அப்படியே 4கே ஆகிடும்" என்றார்கள். விலை அதிகம். உண்மையாகவே ஆகுமா?

பதில்: ஆகாது, சகோதரி. ஆனால் இப்போது தெரிவதைவிட நிச்சயம் நன்றாகத் தெரியும், அதற்கு அவ்வளவு விலையுள்ள பிளேயர் வேண்டியதும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். நம் நாட்டு முறையான பால் (PAL) டிவிடியில் ஒரு படத்துக்கு அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 வரி. பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். உங்கள் 4கே டிவியில் 3840-க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். சரியாக 20 மடங்கு. டிஸ்க்கில் இருப்பது ஒரு புள்ளி என்றால் மீதி 19 புள்ளியையும் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டும். அந்த ஊகத்துக்குப் பெயர்தான் அப்ஸ்கேலிங். கேமரா பதிவு செய்யாத கண்ணிமை மயிரை எந்தப் பிளேயராலும் கொண்டுவர முடியாது. ஓரங்களை நேராகக் காட்டலாம், நிறம் பிதுங்காமல் வைக்கலாம், கண்ணை உறுத்தாமல் பெரிதாக்கலாம். அதைச் சரியாகச் செய்தாலே போதும், அந்தக் கல்யாணத்தை உட்கார்ந்து முழுசாகப் பார்த்து முடிக்கலாம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: உங்கள் டிவியிலேயே ஒரு அப்ஸ்கேலர் இருக்கிறது. 4கே டிவி எதுவானாலும் உள்ளே வரும் படத்தைத் தன் முழுத் திரைக்கும் நிரப்பியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் டிவிடி படம் நடுவில் ஒரு நோட்டுப் புத்தக அளவுக்குத்தான் நிற்கும். ஆகவே இந்த வேலையைப் பிளேயர் செய்ய வேண்டுமா, டிவி செய்ய வேண்டுமா, இரண்டில் எது நன்றாகச் செய்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் அந்தச் சீப்புப் பல். அது பெரிதாக்குவதில் வந்த கோளாறு இல்லை, அதற்கு முந்தைய படியில் வருவது. 2006-ல் நம் ஊர்க் கல்யாணங்களை எடுத்த வீடியோ கேமராக்கள் பெரும்பாலும் ஒரு முழுப் படத்தை ஒரே நேரத்தில் எடுக்காது. ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவை, இரட்டைப்படை வரிகளை அடுத்த தடவை என்று நொடிக்கு 50 அரைப்படங்களாக எடுக்கும். ஒவ்வொரு அரையிலும் 288 வரி. பழைய பெட்டி டிவியும் அதே மாதிரி மாறி மாறித்தான் வரைந்தது, அதனால் அதில் பொருந்திப் போனது. இப்போதுள்ள தட்டை டிவிக்கு முழுப் படம் வேண்டும். இரண்டு அரையையும் அப்படியே ஒட்டினால், இடைப்பட்ட அந்த நொடியின் 50-ல் ஒரு பங்கு நேரத்தில் ஆள் கொஞ்சம் நகர்ந்திருப்பார் இல்லையா, அந்த நகர்வுதான் சீப்புப் பல்லாக நிற்கிறது. ஒரு அரையைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றதை இழுத்து நிரப்பினால் பல் போய்விடும், ஆனால் சாய்ந்த கோடுகள் ஏணிப்படியாகும். நல்ல சிப் என்ன செய்யும் என்றால், அசையாத இடத்தில் (பீடம், சுவர், பின்னால் நிற்கிற பூங்கொத்து) இரண்டு அரையையும் ஒட்டும், அசைகிற இடத்தில் மட்டும் கணக்குப் போட்டு நிரப்பும். இதைத்தான் டிஇன்டர்லேசிங் என்கிறார்கள். பிளேயர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கிற 4கே-யைவிட இதுதான் முக்கியம், ஆனால் இதை அட்டைப்பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை.

போன மாதம் என் தங்கை கல்யாண டிஸ்க்கை ஒரே பிளேயரில் இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன். மண்டப வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்பார், கேமரா வலது பக்கமிருந்து மெதுவாக நகர்ந்து மாப்பிள்ளையிடம் போகும். முதலில், பிளேயரையே 4கே-க்கு ஏற்றி அனுப்பச் சொல்லி வைத்தபோது, பின்னால் இருந்த கிரில் கேட்டின் கம்பிகள் எல்லாம் உடைந்து உடைந்து துடித்தன, அம்மாவின் சேலைச் சரிகை எறும்பு ஊருகிற மாதிரி நெளிந்தது. அதே பிளேயரின் செட்டிங்கில் போய் "ஒரிஜினல் ரெசல்யூஷன்" என்று மாற்றி, படத்தை ஏற்றாமல் அப்படியே டிவிக்கு அனுப்பச் சொன்னேன். கம்பி கம்பியாக நின்றது. சரிகை அடங்கியது. அம்மாவின் முகத்தில் சூடத்தின் வெளிச்சம் ஏறி இறங்குவது தெரிந்தது, அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. பிளேயர் அதேதான், டிஸ்க் அதேதான், வேலையை யார் செய்கிறார்கள் என்பது மட்டும்தான் மாறியது. சில வீடுகளில் இது தலைகீழாகவும் இருக்கும், டிவி சுமாராகவும் பிளேயர் நன்றாகவும் அமையும். போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் அந்த மூன்று வண்ண வயரை விடுங்கள். மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகிறது, டிவி அதைத் திரும்பப் பிரிக்கும்போது சிவப்புச் சேலை ஓரத்தில் புள்ளிகள் ஓடும், கலங்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான். பழைய பிளேயரின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை (படமும் சத்தமும் ஒரே கேபிளில் டிஜிட்டலாகப் போகிற துளை) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு சாதாரண கேபிள் வாங்கி மாட்டிப் பாருங்கள், விலை கூடிய கேபிள் வேண்டாம். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று துளை மட்டும் இருந்தால் அது மஞ்சளைவிட நல்லதுதான், ஆனால் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட சினிமா டிவிடிகளை அந்த வழியாக 576 வரிக்கு மேல் ஏற்றி அனுப்ப அனுமதி கிடையாது. துளையே இல்லை என்றால் புதுப் பிளேயர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

அப்படி வாங்கினால், உங்களிடம் இருப்பது டிவிடி மட்டும் என்பதால், பெயருள்ள கம்பெனியின் சாதாரண புளூரே பிளேயர் ஒன்று போதும், அதில் டிவிடியும் ஓடும். 1080 வரிக்கு ஏற்றித் தந்தால் சரி. அங்கிருந்து 4கே-க்கு நாலு மடங்குதான், அதை டிவி பார்த்துக்கொள்ளும். 4கே பிளேயர் வாங்குவது 4கே டிஸ்க் வாங்கப் போகிறவர்களுக்கு.

கடைக்குப் போகும்போது கல்யாண டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டுகிற பளபளப்பான புளூரே படத்தில் எல்லாப் பிளேயரும் நல்ல பிளேயர்தான். கோயிலுக்குள் நீங்கள் நடந்து வருகிற இடம், மந்திரக்கோடிச் சேலையின் சரிகை பக்கத்தில் தெரிகிற இடம், கேமரா கூட்டத்தின் மேல் நகர்கிற இடம், இந்த மூன்றையும் போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு சினிமா டிவிடியும். சினிமா நொடிக்கு 24 படமாகப் பிலிமில் எடுத்தது, அதில் இரண்டு அரையும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை, ஒட்டினாலே போதும். இது பிலிம், இது வீடியோ என்று தானாகக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்கிற பிளேயர்தான் நல்ல பிளேயர்.

வீட்டுக்கு வந்த பிறகு டிவியில் ஷார்ப்னெஸை நன்றாகக் குறைத்து வையுங்கள். கூட்டினால் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், தெளிவு மாதிரி ஏமாற்றும். அசைவை வழுவழுப்பாக்குகிற செட்டிங் இருந்தால் அணைத்துவிடுங்கள். முகமெல்லாம் உப்பித் தெரிந்தால் படத்தின் வடிவத்தை 4:3 என்று மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும், மாமனாரின் முகம் அவர் முகமாகவே இருக்கும். 10 அடி தள்ளி உட்காருங்கள். டிவிடிக்கு 55 இஞ்சில் அதற்குக் கிட்டே போனால் குறைகள்தான் கண்ணில் படும்.

அந்த டிஸ்க்குகளை முதலில் காப்பி எடுத்து வைக்கவும் வேண்டும். அதைக் கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன், விடாமல் படியுங்கள்.

கேள்வி: தம்பி துபாயில் இருக்கிறான், அடுத்த மாதம் லீவுக்குக் குலசேகரம் வருகிறான். அங்கே 4கே பிளேயர் வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்கிறான். மச்சான் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார், அவரும் கேட்டார். எது நல்லது?

பதில்: இரண்டில் ஒன்று என்றால் துபாய். ஆனாலும் சிலதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

டிவிடிக்கு உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். இந்தியா 5, வளைகுடா நாடுகள் 2. புளூரேயில் எழுத்து: இந்தியா சி, வளைகுடா பி. பிளேயரின் பின்னால் ஒரு உருண்டைக்குள் இந்த எண் அச்சாகியிருக்கும். துபாயில் விற்கிற பிளேயர், இங்கே வாங்கின 5-ஆம் எண் ஆங்கிலப் பட டிவிடியைப் "பகுதி தவறு" என்று சொல்லித் துப்பிவிடலாம். நம் தமிழ், மலையாளப் பட டிவிடிகள் நான் பார்த்தவரை அநேகமாக எல்லாப் பகுதிக்கும் பொதுவானவை, அதற்குப் பயம் இல்லை. கல்யாண டிஸ்க்குக்குப் பகுதி எண்ணே கிடையாது. 4கே புளூரே டிஸ்க்குக்கும் பகுதிப் பிரிவு இல்லை, உலகத்தில் எங்கே வாங்கினாலும் எங்கும் ஓடும்.

துபாய் மின்சாரமும் நம்முடையதும் கிட்டத்தட்ட ஒன்று. பிளக் மட்டும் மூன்று சதுரக் கம்பி, மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில் 120 வோல்ட். பின்னால் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் சரி, 120 மட்டும் என்றிருந்தால் இங்கே நேராக மாட்டின அன்றே போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அமெரிக்காவில் விற்கிற பிளேயர்கள் பலவற்றில் பால் முறை டிவிடி ஓடாது, அவர்களுடையது 480 வரியுள்ள என்.டி.எஸ்.சி. முறை. நம் ஊர் ஸ்டுடியோக்காரர் போட்டுத் தந்த கல்யாண டிஸ்க் பால் முறை. நம்முடைய பிளேயர்கள் பொதுவாக இரண்டையும் படித்துவிடும், அவர்களுடையது அப்படி இல்லை. வெளிநாட்டில் வாங்கினதற்கு இங்கே வாரண்டி கிடைக்குமா என்பதையும் தம்பி அங்கேயே கேட்டுவிட்டு வாங்கட்டும்.

கேள்வி: வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது, டிஸ்க் போடுகிற மாடல். அப்பா பழைய பாட்டு சிடி, டிவிடி எல்லாம் வைத்திருக்கிறார். தனியாகப் பிளேயர் வேண்டுமா? (நாகர்கோவில், கல்லூரி மாணவர்)

பதில்: டிவிடி, புளூரே, 4கே புளூரே மூன்றும் அதில் ஓடும். தனியாக ஒன்றுக்குச் செலவு செய்ய வேண்டாம். ஆனால் பாட்டு சிடி அதில் ஓடாது தம்பி. அப்பாவின் சிடிக்காக ஒரு பழைய டிவிடி பிளேயரை ஆம்பிளிஃபயரோடு மாட்டிக் கொடுங்கள், அவருக்குப் படம் தேவை இல்லை, பாட்டுத்தான் தேவை. ரிமோட்டில் பெரிய பொத்தான் உள்ளதாகப் பார்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, கேம் கன்ட்ரோலரை வைத்துப் படம் போடுவது பெரியவர்களுக்குப் பெரிய தொல்லை.

கேள்வி: தக்கலையில் மாடியில் ஒரு அறையை ஹோம் தியேட்டர் ஆக்கியிருக்கிறேன். 5.1 ரிசீவர் (ஆறு ஸ்பீக்கருக்குச் சத்தம் பிரித்துத் தருகிற பெட்டி) 2011-ல் வாங்கினது, எச்.டி.எம்.ஐ. உண்டு, சத்தம் இன்னும் அருமை. இப்போது 4கே பிளேயரும் 4கே டிவியும் வாங்கி, பிளேயரை ரிசீவர் வழியாக மாட்டினால் சில டிஸ்க்குக்குப் படம் வரவே இல்லை, சிலதுக்கு 1080 என்றுதான் காட்டுகிறது. ரிசீவரை மாற்றச் சொல்கிறார்கள். மனசே இல்லை.

பதில்: மாற்ற வேண்டாம். 4கே டிஸ்க்கில் எச்.டி.சி.பி. 2.2 என்று ஒரு பூட்டு இருக்கிறது. பிளேயர், நடுவில் இருப்பது, டிவி, இந்த மூன்றுக்கும் அந்தப் பூட்டின் சாவி தெரிந்திருந்தால்தான் முழு 4கே போகும். உங்கள் ரிசீவர் அந்தப் பூட்டு வருவதற்கு முன்னாலேயே வந்தது. அதனால் அங்கே நின்றுவிடுகிறது.

உங்கள் பிளேயரின் பின்பக்கம் பாருங்கள். சோனியின் யு.பி.பி. எக்ஸ் 700, பானசோனிக்கின் யு.பி. 820 மாதிரியான மாடல்களில் இரண்டு எச்.டி.எம்.ஐ. வெளித்துளை இருக்கும். ஒன்றை நேராக டிவிக்குக் கொடுங்கள், சத்தத்துக்கு மட்டும் என்று குறித்திருக்கிற இன்னொன்றை ரிசீவருக்குக் கொடுங்கள். படம் 4கே-யாக டிவிக்குப் போகும், சத்தம் குறையாமல் ரிசீவருக்குப் போகும். இதற்காகவே வைத்த துளை அது. இன்னும் பிளேயர் வாங்காமல் யோசித்துக்கொண்டிருக்கிற மற்ற வாசகர்கள், பழைய ரிசீவர் இருந்தால் இந்த இரண்டாவது துளை இருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே துளைதான் என்றால், அதை டிவிக்குக் கொடுத்துவிட்டு, சத்தம் மட்டும் போகிற ஆப்டிகல் கேபிளை ரிசீவருக்குக் கொடுங்கள். புளூரேயில் இருக்கிற டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி என்கிற உயர்தரச் சத்தங்கள் இரண்டும் அதன் வழியாகப் போகாது, சாதாரண டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும்தான் போகும். டிவிடி பார்க்கிறவருக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை, டிவிடியில் இருப்பதே அந்த அளவுதான். சொல்லப்போனால் டிவிடி காலத்துச் சத்தம் இன்றைக்கும் நல்ல ஸ்பீக்கரில் நிறைவாகத்தான் இருக்கிறது, வயதாகிப் போனது படம்தான்.

கேள்வி: முட்டத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. ஆறு வருஷத்தில் மூன்று பிளேயர் போய்விட்டது. கொஞ்ச நாள் நன்றாக ஓடும், அப்புறம் "நோ டிஸ்க்" என்று காட்டும். டிஸ்க்குகளும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கின்றன. நல்ல கம்பெனி பார்த்து வாங்கினால் நிற்குமா?

பதில்: கம்பெனியைவிட வைக்கிற இடம்தான் காரணம். கடல் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து வருகிறது, போதாததற்கு நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. லேசர் லென்ஸ் மேல் மெல்லிய படலம் படிகிறது, தட்டு ஓடுகிற கம்பி துருப்பிடிக்கிறது, பின்னால் மாட்டுகிற முனைகள் பச்சை பூக்கின்றன.

ஜன்னலுக்கு நேரே, கடல் பக்கச் சுவரில் பிளேயரை வைக்காதீர்கள். உள்ளறையில் கதவுள்ள அலமாரியில் வையுங்கள், ஈரத்தை உறிஞ்சுகிற, பை பையாக வருகிற சிலிக்கா ஜெல்லை நாலு மூலையிலும் போடுங்கள். ஓடும்போது மட்டும் கதவைத் திறந்து வையுங்கள், மேலே துணி போட்டு மூடி ஓடவிடக் கூடாது. முக்கியமானது, வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே ஏறுகிற சூட்டில் ஈரம் காயும். விருந்தாளி வரும்போது மட்டும் எடுக்கிற பிளேயர்தான் சீக்கிரம் போகிறது. மற்றபடி இந்த மாதிரி இடத்தில் விலை கூடின பிளேயரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன், நடுத்தரமானது போதும்.

பூத்துப்போன டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு விரலால் மெதுவாகத் தடவிக் கழுவி, பழைய பருத்தி வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழுகிற கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், பிளேயரால் தாண்ட முடியாது. பற்பசை போட்டுத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் உறைகள் உள்ள பைக்குள் அடுக்கினால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், டப்பாவில் போட்டு நிமிர்த்தி வையுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். டிஷ் வயரையும் கழற்றுங்கள், அந்த வழியாக வருகிற மின்னல் எச்.டி.எம்.ஐ. வரைக்கும் போய் எல்லாவற்றையும் ஒரே அடியில் எடுத்துவிடும்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் வாங்கின மலையாள, தமிழ்ப் பட விசிடி 300 இருக்கிறது. அப்ஸ்கேலிங் பிளேயரில் நன்றாகத் தெரியுமா?

பதில்: தெரியாது. விசிடியில் 352-க்கு 288 புள்ளிதான், டிவிடியில் நாலில் ஒரு பங்கு. 4கே டிவி அதை 80 மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். போதாததற்கு இப்போதைய புளூரே பிளேயர்கள் பலவற்றில் விசிடி ஓடவே ஓடாது, வாங்கும் முன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்றது. ஆறு ரூபாய் வித்தியாசத்தில் நாலு மடங்கு படம் கிடைத்தது, ஆனால் அன்றைக்குப் பல வீடுகளில் விசிடி பிளேயர்தான் இருந்தது, யாரைச் சொல்ல. வேறு எங்கும் கிடைக்காத படம் எது என்று பார்த்துப் பிரித்து வையுங்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து, சின்னத் திரையில் பாருங்கள். விசிடியில் மேல்பக்கம் பெயர் அச்சடித்த பகுதியில் விழுகிற கீறல்தான் ஆபத்து, படம் பதிந்திருக்கிற பூச்சு அதன் அடியிலேயே இருக்கிறது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வடசேரி. புளூரே நாற்பது, சொந்தமாக எடுத்த குடும்ப டிவிடி இருபதுக்கு மேல். பிளேயர் செய்கிற கம்பெனிகளே நிறுத்திவிட்டார்கள் என்று பேரன் சொல்கிறான். இப்போது வாங்கலாமா? என் டிஸ்க்குகள் என்ன ஆகும்?

பதில்: பேரன் சொல்வதில் பாதி சரி, ஐயா. நல்ல பிளேயர் என்றால் முதலில் பெயர் சொல்லப்பட்ட ஆப்போ, 2018 ஏப்ரலில் விலகுவதாக அறிவித்தது. 2019-ல் சாம்சங் புது மாடல் இனி இல்லை என்றது. எல்ஜி 2024-ல் நிறுத்தியது. சோனியும் பானசோனிக்கும் இருக்கிறார்கள். நாற்பது புளூரே வைத்திருக்கிறவர் இன்னும் ஐந்து வருஷம் கழித்துத் தேடி அலைவதைவிட இப்போதே ஒரு நல்லதை வாங்கி வைப்பது சரிதான். பழைய ஆப்போ கையில் வருகிறது என்று யாராவது சொன்னால், படம் அருமையாக இருக்கும், ஆனால் லேசர் போனால் நம் பக்கம் மாற்ற ஆள் கிடைப்பது கஷ்டம், அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

என் கவலையெல்லாம் அந்த இருபது குடும்ப டிவிடிதான். கடையில் வாங்குகிற பட டிஸ்க் அச்சில் அழுத்திச் செய்தது. ஸ்டுடியோவில் எழுதித் தருகிறது அப்படி இல்லை, ஒரு சாயப் பூச்சின் மேல் லேசர் எழுதினது. வெயில், சூடு, ஈரம் எல்லாம் அந்தச் சாயத்தை வெளுக்கச் செய்யும். 2006-ல் எழுதின டிஸ்க்குக்குச் சுமார் இருபது வயது. வெளியே பளபளவென்று இருக்கும், போட்டால் பாதியில் நிற்கும். கருங்கல் சகோதரிக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும்: பிளேயருக்கு முன்னால் காப்பி.

செய்முறை எளிது. லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடம் இல்லாவிட்டால் யுஎஸ்பியில் மாட்டுகிற டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள். டிஸ்க்கைப் போட்டுத் திறந்தால் "வீடியோ டிஎஸ்" என்று ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர் தெரியும். அதை அப்படியே முழுசாகக் காப்பி செய்யுங்கள். உள்ளே ஒவ்வொரு ஃபைலும் 1 ஜிபிக்குள் இருக்கும், அதனால் எந்தப் பென்டிரைவும் ஏற்கும். ஒரு சாதாரண டிஸ்க் அதிகபட்சம் 4.7 ஜிபி, மூன்று டிஸ்க் கல்யாணம் ஒரு 16 ஜிபி பென்டிரைவில் பெரும்பாலும் அடங்கிவிடும், 32 வாங்கினால் யோசிக்கவே வேண்டாம். நடுவில் நின்றால் டிஸ்க்கைக் கழுவித் துடைத்து மறுபடி, அப்படியும் வராவிட்டால் வேறு டிரைவில். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்திருக்கிறது, என் வீட்டிலேயே மூன்றாவது டிரைவில்தான் ஒரு டிஸ்க் முழுசாக வந்தது. காப்பியை விஎல்சி என்கிற இலவச வீடியோ மென்பொருளில் திறந்தால் ஓடும்.

ஸ்டுடியோவில் கொடுத்து எம்பி4 ஆக்கித் தருகிறோம் என்றால் ஆக்கிக்கொள்ளுங்கள், போனில் பார்க்க வசதி. ஆனால் அந்த ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள். மேலே முதல் பதிலில் சொன்ன இரண்டு அரைப்படங்களையும் சரியாகச் சேர்க்காமல் எம்பி4 ஆக்கினால் சீப்புப் பல் படத்துக்குள்ளேயே உறைந்துவிடும், பிறகு எவ்வளவு நல்ல பிளேயராலும் எடுப்பது கஷ்டம். செயற்கை நுண்ணறிவில் போட்டு 4கே ஆக்கித் தருகிறோம் என்றும் இப்போது சொல்கிறார்கள். ஒன்றை அப்படிச் செய்து பார்த்தேன், கூட்டத்தில் தூரத்தில் நிற்கிற முகங்களுக்கு அது வேறு கண்ணும் வேறு மூக்கும் வரைந்து வைத்திருந்தது. அங்கே நின்றது என் பெரியப்பா. எனக்கு மங்கலான பெரியப்பாவே போதும்.

இரண்டு காப்பி எடுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வெளியூரில் இருக்கிற பிள்ளை வீட்டில். எந்த டிஸ்க், எந்த வருஷம், எந்த வீடு, முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் யார் என்று உங்கள் கைப்பட ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள் வையுங்கள். பேரனுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது.